சனி கையெழுத்துப் போடுமா?

உங்க ராசி என்ன? சொல்லாட்டியும் பரவாயில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது சனி சரியில்லாமல் இருக்க ஐம்பது சதவீதம் வாய்ப்பு உண்டு. ஜோசியம் தெரிந்து சொல்லவில்லை, விரல் விட்டு எண்ணிச் சொல்கிறேன்.

திருக்கணிதப்படி சனி இப்போது மீனத்தில் இருக்கிறது. அது இருக்கிற ராசி, அதற்கு முந்தினது, அடுத்தது, இந்த மூன்றுக்கும் ஏழரை. அதாவது கும்பம், மீனம், மேஷம். எட்டாமிடத்தில் இருந்தால் அஷ்டமச் சனி, அது சிம்மத்துக்கு. ஏழாமிடம் கண்டகச் சனி, கன்னிக்கு. நான்காமிடம் அர்த்தாஷ்டமச் சனி, தனுசுக்கு. மொத்தம் ஆறு. பன்னிரண்டில் ஆறு. அறுபது பேர் இருக்கிற வகுப்பில் முப்பது பேருக்கு ஏதோ ஒரு சனி நடக்குது. மீதி முப்பது பேர் வெயிட்டிங் லிஸ்ட்.

நான் மேஷம். ஏழரை ஆரம்பம். அதுவும் முதல் சுற்று, மங்கு சனி. 2032-ல் முடியுமாம். அப்போ எனக்கு 28 வயசு.

இதெல்லாம் எனக்குப் போன செப்டம்பர் வரைக்கும் தெரியாது. ஆகஸ்டில் கேம்பஸ் இன்டர்வியூவில், பூனே பக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மெக்கானிக்கல் படித்த பொண்ணுக்கு மெக்கானிக்கல் வேலை, ஷாப் ஃப்ளோரில். நம்ம டிபார்ட்மென்ட்காரங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அபூர்வம்னு. அக்டோபர் 10-க்குள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அம்மா உடனே ஜாதக நோட்டை எடுத்து மஞ்சப் பையில் வைத்துக்கொண்டார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர் சொச்சம். அங்கேதான் எங்க குடும்ப ஜோசியர் இருக்கிறார். நானும் கூடப் போனேன்.

அவர் மூன்று விஷயம் சொன்னார். இரும்பு ஆகாது. வடக்கே அனுப்பாதீங்க. ஏழரை முடியிற வரைக்கும் பாப்பா அடக்கி வாசிக்கணும்.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல மனுஷன், தட்டில் வைத்ததை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு அவர் படித்த சாஸ்திரத்திலிருந்து பதில் சொன்னார். அந்தக் கேள்வியை அவரிடம் தூக்கிக்கொண்டு போனது நாங்கள்தான். இந்தக் கட்டுரை எங்களைப் பற்றி. ஒருவேளை உங்களைப் பற்றியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிடறேன். ஜோசியர் "அனுப்பாதீங்க" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. எனக்கு இந்தி வராது. வீட்டை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. ஷிப்ட்டில் நூறு ஆம்பளைங்களுக்கு நடுவில் நிற்கணும். பயம். அந்தப் பயத்துக்கு அவர் ஒரு மரியாதையான பெயர் கொடுத்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னால் நான் கோழை. "எனக்கு ஏழரை"ன்னு சொன்னால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க.

மூன்றாவது செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைத்தேன். அப்போதும் அம்மா "உனக்கு நேரம் சரியில்ல" என்றார். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். ஸ்டடி ஹாலிடேஸில் ஒரு கொரியன் சீரியலை முழுசாகப் பார்த்து முடித்தது எனக்கும் என் போனுக்கும் மட்டும் தெரியும். இந்த வருஷம் சும்மா எண்ணிப் பார்த்தேன். அந்த 2023 நவம்பரில், திருக்கணிதப்படி, சனி கும்பத்தில் இருந்தது. மேஷத்துக்கு அது பதினோராமிடம், லாப ஸ்தானம். சனி இருக்கிறதிலேயே நல்ல இடம் என்று எல்லா ஜோசியப் புத்தகமும் சொல்கிற இடம். பாவம், சனி எனக்கு லாபத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதன் தலையில் என் அரியரைக் கட்டியிருக்கிறேன்.

க்வாலிட்டி பேப்பரில் ரூட் காஸ் அனாலிசிஸ் படித்தோம் இல்லையா? ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்கணும். ஐந்தாவது கட்டத்தில் "சனி" என்று எழுதிக் கொடுத்தால் மேடம் பேப்பரை முகத்தில் விட்டெறிவாங்க. வீட்டில் முதல் கட்டத்திலேயே அதை எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

சரி, பஞ்சாங்கத்தையே எடுத்துக்குவோம். சனி மீனத்துக்கு வந்தது எப்போது? திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கேட்டால், இன்னும் வரவே இல்லை, 2026 மார்ச்சில்தான் என்கிறது. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைத்தான் பின்பற்றுகிறது. அதனால் போன மார்ச்சில் டிவி எல்லாம் பெயர்ச்சி பலன் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த வருஷம் இங்கே பெயர்ச்சி இல்லை என்று கோயில் தரப்பில் அறிவித்தார்கள். இதற்கு முந்தின பெயர்ச்சியும் இப்படித்தான். திருக்கணிதத்துக்கு 2023 ஜனவரி 17, வாக்கியத்துக்கு அதே வருஷம் டிசம்பர் 20. பதினோரு மாச இடைவெளி.

இப்போ என் நிலைமையைப் பாருங்க. லெட்டர் வந்த ஆகஸ்டில் எனக்கு ஒரு பஞ்சாங்கப்படி ஏழரை, இன்னொன்றின்படி இல்லை. "எந்தப் பஞ்சாங்கம்?" என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏழு வருஷ வாழ்க்கையை ஒதுக்கி வைக்கத் தயாராக இருந்த நான், அதற்கான தேதியை ஒரு தடவை சரிபார்க்கவில்லை. ஒரு போன் கவர் வாங்கினால் நாலு கடை ரிவ்யூ பார்க்கிற ஆள் நான்.

கேட்ட ஆட்கள் நம்ம ஊரிலேயே இருந்திருக்காங்க. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பழைய வாய்பாடு காட்டுகிற இடத்தில் கிரகம் இல்லையே என்று டெலஸ்கோப்பில் பார்த்து, கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகிற பஞ்சாங்கத்தைப் போட்டார். நாத்திகர் கிடையாது, ஆசாரமான குடும்பத்து மனுஷர். பார்த்துச் சரி பண்ணுவதில் தப்பில்லை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஜோசியம் பலிக்குமா பலிக்காதா என்கிற சண்டைக்குள் நான் ரொம்ப நேரம் நிற்கப் போவதில்லை. ஜயந்த் நார்லிகர் மகாராஷ்டிராவில் ஒரு சோதனை செய்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள், இரண்டு வகை ஜாதகத்தையும் கலந்து 27 ஜோசியர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்தார்கள். எது யாருடையது என்று சொல்லணும். சராசரியாகச் சரியாகச் சொன்னது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டால் 50. இதைச் சொன்னால் அம்மா, "அந்த ஜோசியருங்க சரியில்ல"ன்னுவாங்க. அம்மாவை ஜெயிக்க முடியாது. விட்டுடறேன்.

எனக்கு உறைத்தது வேற ஒண்ணு. என் அண்ணன் தனுசு ராசி. அவனுக்கும் போன மார்ச்சிலிருந்து அர்த்தாஷ்டமச் சனி. மே மாசம் ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். இரும்பேதான். வடக்கேதான். அவன் ஜாதக நோட்டை யாரும் மஞ்சப் பையில் வைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவன் ஆம்பளப் பையன், சமாளிச்சுக்குவான்" என்றார். அப்போ பிரச்சினை சனியா, பொண்ணா? பொண்ணு தூரமா போகக் கூடாது என்பதை அம்மாவாலும் அப்பாவாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்கிற ஆட்கள் இல்லை அவங்க, என்னை மெக்கானிக்கலில் சேர்த்ததே அவங்கதான். அதனால் 128 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒருத்தரைச் சொல்ல வைத்தார்கள். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு தீர்ப்பு எழுதிய ஊர்தானே இது. உங்கள் வகுப்பில் நாலு பெண்களிடம் கேட்டுப் பாருங்க, செவ்வாயோ சனியோ மூலமோ எதையாவது தடுத்திருக்கும். நாலு பையன்களிடமும் கேளுங்க. பைக் வாங்குவதை எந்தச் சனி தடுத்தது?

அதற்கப்புறம்தான் சனி யாருன்னு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

சனீஸ்வரன் என்று நாம் சொல்வது சனைச்சரன் என்பதிலிருந்து வந்தது. மெதுவாகப் போகிறவன் என்று அர்த்தம். மந்தன் என்றும் ஒரு பெயர். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் மந்தன் என்றால் மக்குன்னு நினைத்திருந்தேன். வேகம் கம்மி, அவ்வளவுதான். சூரியனை ஒரு தரம் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம். அதைப் பன்னிரண்டு ராசியால் வகுத்தால் ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரை என்கிற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்த வகுத்தல் கணக்குதான். ஜோசியத்தில் சனிக்குக் கொடுத்திருக்கிற இலாகா என்ன தெரியுமா? உடல் உழைப்பு, தொழிலாளி, தாமதம், பொறுமை, ஆயுள், இரும்பு. எங்க அப்பா ஸ்பின்னிங் மில்லில் 24 வருஷமாக ஃபிட்டர். நைட் ஷிப்ட், எண்ணெய், இரும்பு. அப்படிப் பார்த்தால் சனி எங்கள் வீட்டு ஆள்.

இன்னொரு விஷயம். சனி, சூரியனின் பிள்ளை. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. சூரியன் பிதுர்காரகன், அப்பா, அரசாங்கம், அதிகாரம். அவர் உச்சமாகிற ராசியில் சனி நீசம். சனி உச்சமாகிற ராசியில் சூரியன் நீசம். மேல் வீட்டுக் குரல் ஓங்குகிற இடத்தில் பிள்ளையின் உழைப்பு தாழ்கிறது, பிள்ளை ஓங்குகிற இடத்தில் அந்தக் குரல் தாழ்கிறது. சூரியன் உச்சம் எதில்? மேஷத்தில். என் ராசியில். சனி உச்சம் துலாத்தில், தராசில். இதை எழுதி வைத்தவர்கள் வீட்டிலும் கல்யாண வயசுப் பிள்ளைகள் இருந்திருக்கணும்.

மேற்கத்திய ஜோசியத்திலும் இந்த முடிச்சை ஒருத்தர் பிடித்திருக்கிறார். லிஸ் கிரீன் 1976-ல் சனியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சனி வெளியே இருந்து அடிக்கிற பிசாசு இல்லை, நாம் எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதையே செய்து பழகச் சொல்கிற பாடம் என்பது அதன் சாரம். இப்போது ரீல்ஸில் 29 வயசுக்காரங்க "சாட்டர்ன் ரிட்டர்ன்" என்று புலம்புவதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். அவங்களும் பாதிப் பேர் அதைச் சாக்காகத்தான் வெச்சிருக்காங்க.

திருநள்ளாறு என்றால் நளன் கதை. ஆனால் மகாபாரதத்திலும் புகழேந்தியின் நளவெண்பாவிலும் நளனைப் பிடிப்பவன் சனி இல்லை, கலி. மகாபாரதத்தில் கலி அவனை விட்டுப் போகிற இடத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூதில் நாட்டைத் தோற்ற நளன், இருதுபன்னன் என்கிற ராஜாவுக்குத் தேரோட்டியாக வேலை பார்க்கிறான். ஒரு பயணத்தில் அந்த ராஜா ஒரு மரத்தைப் பார்த்து, இத்தனை இலை, இத்தனை காய் என்று ஒரே பார்வையில் சொல்கிறார். ராஜா சொல்லிட்டார்னு நளன் விட்டுவிடவில்லை. தேரை நிறுத்தி, இறங்கிப் போய் எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. உடனே தன் குதிரை வித்தையைத் தருவதாகச் சொல்லி, அந்த எண்ணும் வித்தையையும் அதோடு சேர்ந்த சூது வித்தையையும் கற்றுக்கொள்கிறான். எந்த ஆட்டத்தில் அழிந்தானோ அதையே படித்த அந்தக் கணத்தில், கலி அவன் உடம்பிலிருந்து வெளியே வந்து நிற்கிறது. என் தெர்மோடைனமிக்ஸும் இப்படித்தான் விலகியது, நாலாவது செமஸ்டரில்.

செப்டம்பர் 20, புரட்டாசி முதல் சனிக்கிழமை. அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைக்குப் போனோம். தென்திருப்பதி என்பார்களே, அந்த மலைக் கோயில். கூட்டம் சொல்லி மாளாது. வருஷம் பூராவும் "சனிக்கிழமை புதுசா எதையும் தொடங்காதே" என்கிற அதே ஜனங்கள், புரட்டாசி சனிக்கிழமை என்றால் விடியக் காலையிலேயே பஸ் ஏறிவிடுகிறார்கள். கிழமையின் ருசியைக்கூட நாமேதான் மாற்றிக்கொள்கிறோம்.

அப்படியே ஆண்டாள் கோயிலுக்கும் போனோம். அந்த 11 நிலைக் கோபுரத்தைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், அன்றைக்குத்தான் உள்ளே இருப்பவளைப் பற்றி யோசித்தேன். அப்பா சாமிக்குக் கட்டி வைத்த மாலையைத் தான் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தவள். மனுஷனுக்குக் கட்டி வைப்பதாகப் பேச்செடுத்தாலே உயிரோடு இருக்க மாட்டேன் என்று பாடியவள். திருப்பாவையில் அவளும் கிரகத்தைச் சொல்கிறாள். 13-ஆம் பாட்டில் சுக்கிரன் மேலே வந்துவிட்டது, குரு மறைந்துவிட்டது என்கிறாள். அதை வைத்து அவள் காலத்தைக் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அவளோ அதைச் சொல்வது தோழியை எழுப்ப: நேரமாச்சு, எந்திரி. கிரகம் அவளுக்குக் கடிகாரம்.

அதற்காக அவள் சகுனமே பார்க்காதவள் என்றும் சொல்ல முடியாது. நாச்சியார் திருமொழியில் ஒரு பத்து முழுக்கக் கூடல் இழைக்கிறாள். கண்ணை மூடி மணலில் வட்டம் சுழித்து, முனை கூடினால் அவன் வருவான் என்று பார்க்கிற பழைய வழக்கம். எனக்கு அது பிடித்திருக்கிறது. மனசு அடித்துக்கொள்ளும்போது மணலைக் கேட்கத்தான் தோன்றும். ஆனால் "அவனை நான் விரும்பலாமா?" என்று அவள் மணலிடம் கேட்கவில்லை. அதை எப்பவோ முடிவு பண்ணிவிட்டாள். நாங்கள் ஜோசியரிடம் தப்பான பாதியைக் கேட்டிருக்கிறோம். (அவள் இடது கையில் தினமும் இலையால் புதுசாகச் செய்து வைக்கிற கிளி இருக்கிறதே, அது சீட்டு எடுக்காத கிளி என்று அப்பத்தாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.)

அன்று ராத்திரி ராஜபாளையத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினேன். மறுநாள் மகாளய அமாவாசை, நிலா கிடையாது. மேற்கே மலை கருப்பாக இருந்தது. கிழக்கே, தென்னை மட்டைக்கு மேல், கொஞ்சம் மஞ்சளாக, சிமிட்டாமல் ஒரு புள்ளி. போனில் ஆப்பைத் திறந்து நீட்டிப் பார்த்தேன். சனி. அந்த வாரம்தான் அது பூமிக்கு ரொம்பக் கிட்டத்தில். கிட்டத்தில் என்றால் அந்த 128 கோடி கிலோமீட்டர், வெளிச்சம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல். போன மார்ச் 23 அன்று அதன் வளையம் நமக்கு நேர் பக்கவாட்டில் திரும்பி, டெலஸ்கோப்பில்கூடக் காணாமல் போனதாம். ஆறு நாள் கழித்து என் ஏழரை ஆரம்பம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் எதையோ இழந்திருக்கிறோம், அதற்குத் திரும்பி வந்துவிடும்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலையில் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு அம்மா உள்ளே வந்தபோது, சனியை நடுவில் இழுக்காமல் முதல் தடவையாகப் பேசினேன். எனக்குப் பயமா இருக்கும்மா, இந்தி தெரியாது, ஆனாலும் போகணும்னு இருக்கு என்றேன். அம்மாவும் சனியை விட்டுவிட்டுப் பேசினார். ராத்திரி ஷிப்ட் முடிந்து எப்படி வருவே, சாப்பாடு என்ன, காய்ச்சல் வந்தா யாரு பார்ப்பா. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. கம்பெனி பஸ் உண்டா என்று விசாரித்தேன், அங்கே போன சீனியர் அக்கா நம்பர் வாங்கி அம்மாவைப் பேச வைத்தேன். ஏழரைக்கு இப்படி யார் நம்பர் வாங்கித் தர முடியும்?

நாளைக்கு அந்த வேலை எனக்குச் சரிப்படாமல் போகலாம். ஆறு மாசத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். அப்போது "அப்பவே ஜோசியர் சொன்னாரு" என்று நாலு பேர் சொல்வாங்க, அதுவும் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்கிற வேலையும் கையெழுத்துப் போட்டவளோடதுதான்.

அக்டோபர் 8 ராத்திரி லெட்டரை அப்பாவிடம் காட்டினேன். ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முழுசாகப் படிக்கவில்லை. "என்ன மெஷின் வெச்சிருக்காங்க?" என்றார். சிஎன்சி லேத்துன்னு சொன்னேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்தார். "எந்த மெஷினா இருந்தாலும் முதல் ஒரு மாசம் சத்தத்தைக் கேளு. பேரிங் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போகும்."

ஜூலையில் சேரணும். மார்ச்சில் வாக்கியப்படி பெயர்ச்சி வருகிறது, அம்மா திருநள்ளாறுக்கு டிரெயின் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் போறேன், நளதீர்த்தம் பார்த்ததில்லை.